சோதனைக் கட்டுரை

"ம், இப்ப ஒண்ணு போடு!" என்று கத்தினான் கணவன். யார் வேண்டுமானாலும் படித்துப் பதில் எழுதக்கூடிய இணையச் செய்திக்குழுக்களில் கட்டுரைகளைப் படிக்கவும் போடவும் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். அடுத்த அறைக் கணினியிலிருந்து சோதனைக்காக ஏதாவது எழுதிப் போடுவது மனைவியின் வேலை.

"போட்டாச்சுங்க. வந்துச்சா?"

"வந்துடுச்சு! ஒரு எழுத்துகூட உடையலை."

"படிச்சீங்களா?"

"கொம்பு, கால், புள்ளி எல்லாம் பார்த்துட்டேன்மா. அதது அதனதன் இடத்துல இருக்கு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்? பிரமாதம்!"

அடுத்த அறையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

சற்று நேரத்தில் அந்தக் கட்டுரைக்குப் பதில்கள் வரத் தொடங்கின. முன்பின் தெரியாதவர்கள் பதினோரு பேர், 'வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார்கள்.

"என் புரோகிராமுக்கு எத்தனை வாழ்த்து பாரு!" என்று தலைகால் புரியாமல் குதித்தவன், பன்னிரண்டாவது பதிலைத் திறந்தான்.

'வாழ்த்துகள் சகோதரி! வீட்டுக்காரர் என்ன சொன்னார்?'

திடுக்கிட்டு மனைவியின் கட்டுரைக்குத் திரும்பி, முதல்முறையாக அதைப் படித்தான்.

'என்னங்க, நீங்க அப்பா ஆகப்போறீங்க!'

அறை வாசலில் வந்து நின்ற மனைவி சிரித்தாள். "எழுத்தெல்லாம் தெளிவா இருக்கா?"

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இல்லம்மா. இப்ப ஒரு எழுத்துகூடத் தெரியலை."