மாற்ற முடியாத பாஸ்வேர்டு

“சிஸ்டத்தை மாத்திடுங்க முதலாளி. இந்தப் பழசுல பாஸ்வேர்டை மாத்தவே முடியாதுங்க” என்று மறுபடியும் கெஞ்சினாள் கடையில் கணக்கு எழுதும் சுல்தானா.

தர்மபுரி புளி வியாபாரி ஹயாத் பாஷா சிரித்தார். “எண்பத்தஞ்சுல வாங்குனது, நல்லாத்தானே ஓடுது? நம்ம விலை விவரமெல்லாம் அதுக்குள்ள பத்திரமா இருக்குது. பாஸ்வேர்டு தெரிஞ்சது நீயும் நானுந்தான். எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்குதும்மா.”

அந்த நம்பிக்கைதான் சில நாட்களாக அவளைத் தூங்கவிடவில்லை.

“அடுத்த மாசம் எனக்குக் கல்யாணங்க.”

“நல்ல சேதி! மாப்பிள்ளை யாரு?”

சுல்தானா தலை குனிந்தாள். “நல்லம்பள்ளியில உங்களுக்குப் போட்டியா புளி வியாபாரம் பண்றாரே, அவரோட மகன்ங்க. நாளைக்கு அவங்க வூட்டுல பாஸ்வேர்டைக் கேட்டா, சொல்லாம இருந்துடுவேனான்னு எனக்கே தெரியலைங்க.”