ஆடும் தொட்டில்

தொட்டில் கம்பெனியின் இணையதளத்தைத் திறந்ததும் முகப்பில் ஒரு துணித்தொட்டில் ஆடியது. மூன்று நாள் உட்கார்ந்து அதை வரைந்து ஆடவிட்டிருந்தான் தளத்தை வடிவமைக்கும் டெல்பின். கம்பெனி முதலாளி மங்கையர்க்கரசிக்குப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. “வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது தம்பி. புள்ளை பெத்த வீட்டுக்காரங்க பார்த்தா நம்மகிட்ட வாங்குவாங்களா? எடுத்துடுங்க.” “அனிமேஷன் இல்லன்னா பக்கம் செத்துக் கிடக்கும் மேடம்” என்றவன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். தொட்டிலின் அடித்துணியைச் சற்றே கீழே இழுத்து உருண்டையாகப் புடைக்க வைத்தான். குழந்தை என்று எதையும் வரையவில்லை, ஒரு விரலைக்கூட. பாரம் ஏறிய மாதிரி ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினான். மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். தொட்டில் போனது, வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பட்டறையில் யாரோ மரம் அறுக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, செருப்பை வாசலிலேயே விட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்தார். “இது இருக்கட்டுமா மேடம், இல்ல ஆடாத படமே போட்டுடவா?” என்று கேட்டான் டெல்பின். தன் குரல் ஏன் இவ்வளவு தணிந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆடாத படத்தையே காட்டலாம் என்று ஆட்டத்தை நிறுத்தப் போனான். மங்கையர்க்கரசி சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார். “நிறுத்தாதீங்க” என்று உதட்டை மட்டும் அசைத்தார். “முழிச்சுக்கும்.”