பல்லி விழுந்த பொடி

சமையலறை வாசலில் யமுனா திடுக்கிட்டு நின்றாள்.

மாமியார் மகாலட்சுமியம்மாள் முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்து, கிண்ணத்தில் குழைந்த சாதத்தைக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பருப்புப்பொடி பாட்டில் திறந்திருந்தது.

அதில் இருந்தது பருப்புப்பொடி இல்லை. மீனும் கோழியும் சேர்ந்த பூனைத் தீனியை யமுனாதான் கொல்லைக் கல்லில் வைத்துப் பொடித்து அதில் போட்டிருந்தாள்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில், வெங்காயமே வாசல் தாண்டாத வீட்டில்!

அந்தத் தீனி, மழையில் தாயைத் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்த பூனைக்குட்டிக்கு. பால் சாதமும் தயிர் சாதமும் போட்டால் நன்றாக வளரும் என்றாள் மாமியார். யமுனாவும் அதையே போட்டாள். வயிறுதான் உப்பியது. பின்னங்கால்கள் துவண்டு போயின.

பூனை தன் குட்டியை வாயால் கவ்விக் காப்பாற்றுவதுபோலப் பெருமாள் நம்மைக் காப்பாற்றுவார் என்று உபன்யாசத்தில் சொன்னால் மகாலட்சுமியம்மாளுக்குக் கண் கலங்கிவிடும். அந்தக் குட்டி என்ன சாப்பிடும் என்று எந்த உபன்யாசத்திலும் சொல்வதில்லை.

திருவானைக்காவல் கால்நடை டாக்டர்தான் போட்டு உடைத்தார். பூனையைச் சைவமாக்க யாராலும் முடியாது. வளர்கிற வயதில் மீனோ கறியோ உள்ளே போகாவிட்டால் கண் போகும், இதயம் கெடும். பிறகு எதைக் கொடுத்தாலும் ஆயுசுக்கும் சரியாகாது.

அதனால்தான் தில்லைநகர் வரை பஸ்ஸில் போய் அந்தத் தீனியை ஒளித்து வாங்கி வந்தாள். கொல்லையில் வைத்தால் எறும்பு. வாசனையைப் பெருங்காயம் அமுக்கிவிடும் என்று பாட்டிலைப் பெருங்காய டப்பாவை ஒட்டி வைத்தாள். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு வேறு.

நேற்றிலிருந்து குட்டி அதையும் தொடவில்லை. இன்று காலை குட்டியைக் கூடையில் படுக்க வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். மருந்தைக் கொடுத்துவிட்டு, எப்பாடுபட்டாவது இன்றைக்குள் சாப்பிட வையுங்கள், இல்லாவிட்டால் தேறாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பதற்றத்தில் இன்று என்ன நாள் என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

இப்போது மிச்சமிருந்த பொடியில் பாதி மாமியாரின் கிண்ணத்தில்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லையாமே. உண்மையைச் சொன்னால் குட்டி தெருவுக்குப் போய்விடும். இருக்கிற நிலைமையில் அது தெருமுனையைக்கூடத் தாண்டாது.

கரண்டி மேலே எழும்பியது.

பிறந்ததிலிருந்து முட்டை பட்ட கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனுஷி.

யமுனாவால் முடியவில்லை.

"அம்மா, வாயில வெச்சுடாதேள்! பொடியில பல்லி விழுந்துடுத்து!"

பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். பாட்டிலையும் எடுத்துத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். சாதமும் பொடியும் சுழன்று போயின. குட்டியின் உயிரே அந்தத் தண்ணீரோடு போவதுபோல் இருந்தது. அழுகையை அடக்க முடியவில்லை. மாமியாரைக் காப்பாற்றியாயிற்று, குட்டியைக் கொன்றாயிற்று என்று நினைத்தாள்.

மகாலட்சுமியம்மாள் இடத்தைவிட்டு அசையவில்லை. தலையை மட்டும் திருப்பி மருமகளைப் பார்த்தாள்.

"எனக்கு ஏதுடி சாதம்? இன்னிக்கு ஏகாதசி."

யமுனா குழாயை மூடிவிட்டுக் கிட்டே வந்தாள். மாமியாரின் மடியில், புடவைத் தலைப்புக்குள், குட்டி படுத்திருந்தது. கண்ணைத் திறக்காமலே வெறும் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"இப்பதான் வாயைத் திறந்தது. இருந்த மீன் பொடியையும் கொட்டிட்டியேடி!"