அவசரமில்லாத ரிப்பேர்

வால்வு மூடியின் நான்கு போல்ட்டையும் கழற்றி மூடியை நான் தூக்கியதும் அக்காவின் புருஷன் பாலகுமார் மாமா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

உள்ளே இரண்டு புஷ் ராடுகள். ஒன்று நேராக நின்றது. இன்னொன்று லேசாக மடக்கிய முழங்கை மாதிரி சாய்ந்து கிடந்தது.

"பாத்தியா மச்சான், நான்தான் சொன்னேன்ல?" என்றார், அதைப் பார்க்காமலேயே.

சொன்னது உண்மைதான். காலையில் போனில், "புல்லு வெட்ற மெஷின்ல புஷ் ராடு வளஞ்சிருச்சி, எடுத்தாரேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திறக்காமல் உள்ளே இருக்கும் ராடு வளைந்தது எப்படித் தெரியும் என்று அப்போது நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

புஷ் ராடு என்பது பென்சிலை விடக் குட்டையான ஒரு கம்பி. கீழே கேம் சுற்றும்போது அதன் மேடு கம்பியை மேலே தள்ளும். கம்பி ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். சீசா பலகை மாதிரி ராக்கரின் மறுமுனை இறங்கி வால்வைத் திறக்கும். ஒரு வால்வு பெட்ரோலும் காற்றும் உள்ளே வர, ஒரு வால்வு புகை வெளியே போக. கம்பி வளைந்தால் வால்வு திறக்காது. எஞ்சின் மூச்சடைத்துப் போகும்.

ஆனால் கம்பி சும்மா வளையாது. வால்வு எங்காவது இறுகிச் சிக்கியிருக்க வேண்டும்.

இரண்டு வால்வையும் கட்டைவிரலால் அமுக்கினேன். பேனா பொத்தான் மாதிரி இறங்கி ஏறின.

கம்பியை உருவி வெளிச்சத்தில் பார்த்தேன். எஞ்சின் வளைத்திருந்தால் வில் மாதிரி மொத்தமாக வளைந்திருக்கும். இது ஒரே இடத்தில் மடங்கியிருந்தது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் பல் தடம். வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினால் விழும் தடம்.

"வால்வு சிக்கியிருக்கும் போல மாமா," என்றேன்.

"ஆமா ஆமா. ரொம்ப ஜாஸ்தியா சிக்கிச்சி."

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் புல்தரை மாமாவின் பொறுப்பு. அங்கே மெக்கானிக்கே இல்லாத மாதிரி, மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றித் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் பட்டறை வரை வந்திருக்கிறார்.

என் அக்கா எழிலரசி போன மாதத்திலிருந்து இங்கே, பட்டறைக்கு மேலே எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வளைகாப்பு. கூட வரச் சொல்லியிருக்கிறாள். புல் வெட்டணும் என்று இவர் போகவில்லை. "அப்ப அந்த மெஷினோடயே குடும்பம் நடத்துங்க" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கோபித்துக்கொண்டு வந்தவளைப் புருஷன் வந்து கூப்பிட வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கூப்பிட வந்தால் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். ரிப்பேருக்கு வந்தால் தோல்விக் கணக்கில் வராது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசப்போகிறார். அவர்கள் பேசினால் வளைகாப்பில் ஆரம்பித்துக் கல்யாணச் சீர், சாப்பாட்டில் உப்பு, யாரோ யாரையோ வாங்க என்று கேட்காதது வரைக்கும் போகும். அதற்கப்புறம் இவர்களே நினைத்தாலும் சேர முடியாது. இன்று வெள்ளி.

சிக்கல் என்னவென்றால், புஷ் ராடு மாற்றுவது அரை மணி நேர வேலை. மாற்றி, ராக்கரின் இடைவெளியைச் சரிபார்த்து, கயிற்றை இழுத்தால் எஞ்சின் கிளம்பிவிடும். கூடவே மாமாவும் கிளம்பியாக வேண்டும்.

"அவசரமே இல்ல மச்சான்," என்றார் மாமா. "பொறுமையா பாரு."

அக்கா மாடியிலிருந்து டீயோடு இறங்கி வந்தாள். டம்ளரை அவர் எதிரில் வைத்துவிட்டு நேரே என்னைப் பார்த்தாள்.

"சக்கர போதுமான்னு கேளுடா."

"போதும்னு சொல்லு மச்சான்."

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம். அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் நகர வேண்டும். அந்தப் புஷ் ராடு வேலையை ஒரு மாதமாகப் போனில் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்காகிட்ட எதாவது சொல்லணுமா மாமா?"

மாமா டீயை ஊதினார். வாய் திறந்தது. "மண்டபத்துல புல்லு நல்லா வளந்துருக்குது" என்றார்.

அக்கா மேசை ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். வளைந்த கம்பியை எடுத்து விரலால் தடவினாள். பல் தடத்தின் மேல் விரல் நின்றது. இந்தப் பட்டறையில் வளர்ந்தவள். கம்பியைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

இனியும் இழுக்க முடியாது. புது ராடு எடுக்க டிராயரைத் திறந்தேன்.

இல்லை.

நேற்றுதான் ஒரு ஜோடி வாங்கி வைத்தேன். கவர் மட்டும் இருந்தது. அடுத்த டிராயரையும் இழுத்துக் கொட்டிப் பார்த்தேன். நிஜமாகவே குழம்பிவிட்டேன்.

"ராடு காணோம் மாமா. புதுசு நாளைக்குத்தான் வாங்க முடியும்."

"அடடா," என்றார். இவ்வளவு சந்தோஷமான அடடாவை நான் கேட்டதில்லை.

"எதுக்குத் தேடிக்கிட்டு கெடக்க?" என்றாள் அக்கா. "மொதல்ல கையக் கழுவிட்டு வா. அவுருக்கும் சேத்துதான் ஒல வெச்சிருக்கேன்."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சுவரை விட்டு விலகி, எங்களுக்கு முதுகு காட்டி மாடிப்படி ஏறினாள்.

மாமா அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். நானும் பார்த்தேன்.

அள்ளி முடிந்த கொண்டையில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியிருந்தன, இரண்டு புத்தம்புது புஷ் ராடுகள். காற்று உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று.