பந்தலோரம் ஒரு கணினி

இந்தக் காலத்தில் படித்தவர்கள்தான் உழைப்பை ஓசியில் கொடுக்க அலைகிறார்கள். கொல்கத்தா பாலிகஞ்ச்சில் சரஸ்வதி பூஜைப் பந்தலோரம் என் மருமகன் பாஸ்கரன் கணினியோடு நிற்கிறான். கணினியோடு இணைத்த குமிழைத் திருப்பினால் இசை ஏறி இறங்க ஒரு மென்பொருளாம். அதைச் சேர்ந்து எழுத ஆள் வேண்டுமாம். எழுதி முடித்ததும் ஊருக்கே இலவசமாம். இன்று ஒருவரும் சேராவிட்டால் விட்டுவிடுவதாக என் மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். மஞ்சள் புடவை கட்டிய கல்லூரிப் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“பூஜையன்னிக்குப் பேனாவும் வாத்தியமும் தொடக் கூடாது காக்கு,” என்று அவனை வங்காளத்தில் சித்தப்பா முறை வைத்துச் சொல்கிறாள் ஒருத்தி. பெயர் எழுத வைத்த தாள் வெள்ளையாகவே படபடக்கிறது.

“நாள் பாத்தீங்களே, மாப்ளே!”

“இன்னிக்குத்தானே மாமா எல்லாரும் வருவாங்க.”

படிக்காத எனக்கென்ன தடை? குமிழைத் திருப்புகிறேன். தகரத்தை இழுத்ததுபோல் ஒரு சத்தம். பெண்கள் கைதட்டி, நாளை வருவதாகச் சொல்கிறார்கள். என் மகளுக்குக் கொடுத்த வாக்கையும் மறந்து அவனுக்கு வாயெல்லாம் பல். வந்து கிழித்தார்கள்! நான் நடையைக் கட்டுகிறேன்.