நீல ரப்பர் செருப்பு

அந்த வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் போனதுதான். சரிசெய்யும் வழக்கம் கிடையாது, பழகிக்கொள்ளும் வழக்கம்தான். மிக்ஸி ஓடும்போது மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒழுகும் குழாயைத் துணியால் கட்ட வேண்டும். பிரிட்ஜைத் திறப்பதற்கு முன் அதன் எதிரிலேயே கிடக்கும் நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும். சரிசெய்ய ஆளை வரச்சொல்லித் தமயந்தி கேட்கும்போதெல்லாம் கணவன் சிவநேசன் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "பாத்துக்கலாம்." போன வாரம் அவள் ஏதோ நினைப்பில் வெறுங்காலோடு கைப்பிடியைத் தொட்டுவிட்டு, எதிர்ச்சுவரில் மோதி விழுந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செருப்பப் போட்டுட்டுத் தொறன்னு எத்தன தடவ சொல்றது?" என்றான். இன்று காலை அவள் அந்தச் செருப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்து மொட்டைமாடியில் காயவைத்தாள். பிறகு வீட்டைத் துடைத்தாள். பிரிட்ஜுக்கு முன்னால் மட்டும் துணியைப் பிழியாமலே துடைத்திருப்பதை எழுந்து நின்ற பிறகுதான் கவனித்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. குளித்த கையோடு ஜில்லென்று தண்ணீர் குடிக்காவிட்டால் அவனுக்கு ஆகாது. மாடிக்குப் போய்வர இன்னும் நேரமிருந்தது. அவள் அடுப்படிக்குப் போனாள். ஈரக்கால்கள் கூடத்தைக் கடந்து பிரிட்ஜுக்கு முன்னால் வந்து நின்றன.

"செருப்பு எங்க தமயந்தி?"

ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மிக்ஸியைப் போட்டாள். வீடே அதிர்ந்தது. ஜாருக்குள் ஒன்றும் இல்லை.