சந்தியாகுவின் படம்

இப்போதைய கேமராக்கள் இயற்கைக் காட்சிகளில் மனிதர்களை விட்டுவைப்பதில்லை. ஆளை அழித்துவிட்டு, அந்த இடத்தைத் தாமாகவே நிரப்பிவிடும். ஆளில்லாத ஒரு பறவைத் தீவில் இரண்டு நாள் படமெடுத்த எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது, பதினெட்டு வருடமாகத் தீவைக் காவல் காக்கும் சந்தியாகு வந்தார். அலையில் நனைந்த ஆலாப் பறவைக் குஞ்சு ஒன்று அவர் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு படம் எடுங்கம்மா. நான் இங்க என்ன வேலை பாக்குறேன்னு எம்மவ பாத்ததே இல்ல.”

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எடுத்தேன்.

படத்தில் ஒரு கரும்பாறைமேல் குஞ்சு உட்கார்ந்திருந்தது.

அவர் கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

“நல்லாருக்கும்மா, அனுப்பிவிடுங்க. அந்தப் பாறை நாந்தான்னு எம்மவகிட்ட சொல்லிக்கிறேன்.”